பேய்களின் பக்கம் நின்று சில வார்த்தைகள்

போன மாசம் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்துக்குப் போயிருந்தேன். கையில் ஒரு பேய்க்கதைப் புத்தகம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "என்ன தோழர், நாட்டுல நம்ம சனம் வெட்டுப்பட்டுச் சாவுது, நீங்க பேய்க்கதை படிச்சிட்டு இருக்கீங்க"ன்னு சிரிச்சார். அவர் பகுத்தறிவாளர். டீ குடிக்கிற நேரத்தில் இன்னொருத்தர் வந்தார். அவர் இலக்கியவாதி. "பேய்க்கதை, மாயக்கதையெல்லாம் சும்மா பொழுதுபோக்கு. அதுலயும் போயி சாதியத் தேடாதீங்க"ன்னார். ஒருத்தர் படிக்காதேன்னார். இன்னொருத்தர் படி, ஆனா கேள்வி கேக்காதேன்னார். ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதில்.

பேய் இருக்கா இல்லையா என்பது என் கேள்வியே கிடையாது. இல்லை. அதை நமக்குப் பெரியாரும் சொன்னார், அம்பேத்கரும் சொன்னார். என் கேள்வி வேற. பேய்க்கதையில் பயப்படுகிறவன் யார்? அவன் யாரைப் பார்த்துப் பயப்படுகிறான்? செத்தவர்களில் யாரைப் பேய் என்கிறான், யாரைக் குலதெய்வம் என்கிறான், யாரை ரிஷி என்கிறான்? இதைக் கேட்க ஆரம்பித்தால் பொழுதுபோக்கு என்று சொன்னவர் முகம் மாறுகிறது.

வாசலில் வந்து நின்றவள்

நவீனத் தமிழ்ச் சிறுகதையில் பேய்க்கதை என்றால் எல்லோரும் முதலில் எடுப்பது புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. 1943இல் வந்தது. நல்லா எழுதின கதை, மறுக்கவில்லை. ராத்திரியில் படித்தால் எனக்கும் உடம்பு சிலிர்க்கும். ஆனால் பகலில் ஒருமுறை படித்துப் பாருங்கள். பிச்சை கேட்டு வாசலில் வந்து நிற்கிறாள் ஒருத்தி. வீட்டுக்காரி இரக்கப்பட்டு அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் நடைவாசலைத் தாண்டி உள்ளே வந்ததிலிருந்து கதை சொல்லுகிற கணவனுக்கு ரத்தம் உறைகிறது. அவள் சிரிப்பு, அவள் பார்வை எல்லாமே அவனுக்குத் திகில். சோறில்லாமல் வந்த ஒருத்தி வீட்டுக்குள் வருவதுதான் அங்கே பயம். நம்ம அம்மாக்களும் அக்காக்களும் நகரத்தில் எத்தனையோ வீட்டுக்குள் இப்படி வேலைக்குப் போயிருக்கிறார்கள். அவர்களுக்குத் தனி டம்ளர், கொல்லைப்புற வழி. அந்த வீட்டுக்காரர்களின் கண்ணில் இருந்த பயத்தை நமக்குத் தெரியும். அந்தப் பயத்தின் இலக்கிய வடிவம்தான் இது என்று வாசிப்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது. புதுமைப்பித்தனைக் கும்பிடுகிறவர்கள் கோபப்படட்டும். அந்தக் கதையை அவளே சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அவளுக்குத் தெரிந்த பேய் எது? அந்த வீடுதானே?

சினிமாவுக்கு வருவோம். பேய்ப்படம்னா ஒரு பங்களா வேணும், இல்லன்னா ஒரு அரண்மனை வேணும். குடிசையில் பேய் வராது. ஏன்னா பேய்க்கு நம்ம குடிசையில் என்ன கணக்கு பாக்கி இருக்கு? அரண்மனையில்தான் கொன்னு புதைச்ச கணக்கு இருக்கு. 2005இல் வந்த 'சந்திரமுகி'யை எடுங்கள். 1993இல் வந்த மலையாள 'மணிச்சித்ரத்தாழ்' படத்தின் வழியில் வந்தது. ஒரு ராசா. அவன் பிடித்துக்கொண்டு வந்த ஆடல்காரி. அவளுடைய காதலனை வெட்டி, அவளை உயிரோடு எரிக்கிறான். அவள் கேட்பது ஒரே ஒரு நியாயம். படம் அவளுக்கு என்ன கொடுக்கிறது? ஒரு பொம்மையைப் பலகையில் வைத்து மாற்றிக் கொடுத்து, "இந்தா, எரிச்சுக்கோ, போ" என்று அனுப்பிவைக்கிறது. அவளும் நியாயம் கிடைத்ததாக நம்பிப் போய்விடுகிறாள். அரண்மனை அப்படியே நிற்கிறது. வாங்கினவன் குடும்பம் சந்தோசமாக இருக்கிறது. தியேட்டரில் கைதட்டல்.

தோழர்களே, இந்தப் பொம்மையை நாம் வேறு இடத்திலும் பார்த்திருக்கிறோம். ஒவ்வொரு கலவரத்துக்குப் பிறகும் ஒரு விசாரணைக் கமிசன் போடுவார்கள், ஒரு நிவாரணத் தொகை அறிவிப்பார்கள். "இந்தா, எரிச்சுக்கோ, போ." குற்றவாளி அரண்மனையில் இருப்பான். பேயை ஏமாற்றி அனுப்பும் கலையில் இந்த அரசுக்கு நிகர் எந்த மந்திரவாதியும் இல்லை.

2011இல் வந்த 'காஞ்சனா'வில் ஒரு மாற்றம் உண்டு. பேயாக வருபவர் நிலத்துக்காகக் கொல்லப்பட்ட ஒரு திருநங்கை. கூடவே கொல்லப்பட்ட ஒரு இஸ்லாமியரும் அவருடைய மகனும். யார் பேயாகிறார்கள் என்பதை இந்தப் படம் மறைக்கவில்லை. அதற்காகப் பாராட்டலாம். ஆனால் அவர் உயிரோடிருந்த காலத்தை ஒரு பிளாஷ்பேக்கில் முடித்துவிட்டு, மீதிப்படம் முழுக்கக் கதாநாயகனின் உடம்புக்குள் குடிவைக்கிறார்கள். உயிரோடு இருக்கும் திருநங்கைக்குத் தமிழ் சினிமாவில் ஒரு வாடகை வீடு கிடைக்காது. செத்த பிறகு கதாநாயகன் உடம்பில் ஒண்டுக்குடித்தனம் கிடைக்கிறது.

ரத்தத்தின் மகிமை

பேய்க்கதையாவது ஏதோ ஒரு கொலையை ஒத்துக்கொள்கிறது. மாயக்கதை என்கிற ராசா ராணி வகை அதையும் ஒத்துக்கொள்வதில்லை. அதன் அடிப்படை ஒன்றே ஒன்றுதான்: பிறப்பு. மலையடிவாரத்தில் வளர்கிறான் ஒரு பையன். பலம் இருக்கிறது, அழகு இருக்கிறது, அறிவு இருக்கிறது. கடைசியில் பார்த்தால் அவன் ராசா மகன். அப்படியா, அதான பார்த்தேன் என்று எல்லோருக்கும் நிம்மதி. இதற்குப் பெயர் மாயம். நாங்கள் இதை வருணம் என்போம்.

'பாகுபலி' 2015இலும் 2017இலும் இரண்டு பாகமாக வந்தது. அதில் எதிரி யார்? கறுத்த தோலும் புரியாத பேச்சுமாக வரும் காட்டுச்சனம். அவர்களுக்கென்று ஒரு மொழியையே புதிதாக உண்டாக்கினார்கள், நாம் கேட்டு அருவருக்கவேண்டும் என்பதற்காக. கட்டப்பா யார்? பரம்பரை அடிமை. முப்பாட்டன் கொடுத்த வாக்குக்காக, சிம்மாசனத்தில் யார் உட்கார்ந்தாலும் அவன் காலடியில் கிடக்கவேண்டும். சொன்னால் யாரையும் குத்தவேண்டும். கட்டப்பா ஏன் குத்தினார் என்று நாடே இரண்டு வருசம் கேட்டது. கட்டப்பா ஏன் அடிமை என்று யாராவது கேட்டார்களா? இது போதாதென்று அதன் தமிழ் வசனத்தில் 'பகடை' என்ற சொல்லை வசையாக வைத்தார்கள். அருந்ததியர் மக்களைக் குறிக்கும் சொல் அது. 2015இல் அருந்ததியர் அமைப்புகள் எதிர்த்து இறங்கின பிறகுதான் வசனம் எழுதியவர் வருத்தம் சொன்னார். கற்பனை நாடு, கற்பனை காலம், கற்பனை மொழி எல்லாம் உண்டாக்க முடிந்தவர்களுக்கு ஒரு கற்பனை வசைச்சொல் கிடைக்கவில்லை. திட்டுவதற்கு மட்டும் நேராக நம்ம தெருவுக்கு வந்துவிட்டார்கள்.

வெளிநாட்டுச் சரக்கு மட்டும் சுத்தமா? நம்ம கல்லூரிப் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிக்கும் ஹாரி பாட்டர் கதையில், கலப்பு ரத்தம் என்று இழிவு செய்பவர்கள் கெட்டவர்களாக வருகிறார்கள். அது நல்ல விசயம். ஆனால் அதே கதையில் எல்ஃப் என்கிற வீட்டு வேலைப் பூதங்கள் இருக்கின்றன. கூலி கிடையாது, துணி கிடையாது, தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்துக்கு அடிமை. 2000இல் வந்த நான்காம் புத்தகத்தில் ஒரு பெண்பிள்ளை அவர்களுக்காகச் சங்கம் ஆரம்பிக்கிறாள். கதையே அவளைக் கேலி செய்கிறது. அவர்களுக்கு அடிமையாக இருப்பதுதான் பிடிக்கும் என்று பெரியவர்கள் எடுத்துச் சொல்கிறார்கள். எங்கேயோ கேட்ட குரல் மாதிரி இல்லை? "எங்க பண்ணையில இருக்கறவனுக்கு ஒரு குறையும் இல்ல, வெளிய இருந்து வந்தவன்தான் கெடுக்குறான்" என்று தஞ்சாவூர் மிராசுதார் பேசின பேச்சு அப்படியே இருக்கிறது. 2007இல் வந்த கடைசிப் புத்தகத்தில் உலகத்தையே காப்பாற்றிய வீரன், சண்டை முடிந்ததும் தன் அடிமை தனக்குத் தின்பதற்கு ஏதாவது கொண்டுவருவானா என்று நினைக்கிறான். விடுதலை வந்துவிட்டது, சமையல்கட்டில் மட்டும் வரவில்லை.

இந்த ரத்தமகிமை நம்ம சாமிகளையும் விடவில்லை. மதுரைவீரன் சக்கிலியர் வீட்டில் வளர்ந்தவன். மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் செத்தவன். அவனுக்கு ஒரு காசிராசன் அப்பனை ஒட்டவைத்தார்கள். 1956இல் அது சினிமாவாக ஓடியது. முத்துப்பட்டன் பூணூலை அறுத்துப்போட்டுவிட்டு, பொம்மக்கா திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களைக் கட்டிக்கொண்டவன். சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றைக்கும் அவர்களுக்குப் படையல் உண்டு. அந்தப் பெண்களுக்கும் ஒரு மேல்சாதிப் பிறப்பைக் கதைக்குள் சொருகி வைத்திருக்கிறார்கள். கொன்றவனுக்கே, கொல்லப்பட்டவனைக் கும்பிடவேண்டி வருகிறது. கும்பிடுவதற்கு முன்னால் அவன் சாதியை மாற்றிவிடுகிறான்.

இந்த வித்தைக்கெல்லாம் மூலம் நந்தன் கதை. பெரியபுராணத்தில் ஆதனூர்ச் சேரிக்காரன் ஒருவன் தில்லைக்குள் போக ஆசைப்படுகிறான். தெற்குவாசலில் தீ வளர்க்கிறார்கள். இறங்குகிறான். பூணூலோடு முனிவனாக எழுந்து உள்ளே போய் மறைகிறான். தீக்குள் போனவனை அதன் பிறகு யாரும் பார்க்கவில்லை. பக்தர்கள் இதைப் பக்திக்கதை என்கிறார்கள். சேரியில் உட்கார்ந்து கேட்கிறவனுக்கு இது திகில்கதை. மாயம் எங்கே புகுந்தது என்று பாருங்கள். எரிந்த உடம்பு கிடக்கவேண்டிய இடத்தில் புகுந்தது.

இப்படி வாசிக்க எங்களுக்கு யாரும் பாரிசிலிருந்து கற்றுத்தரவில்லை. ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி' எழுதியபோது செய்தது இதைத்தான். மீனாக வந்தார், பன்றியாக வந்தார், குள்ளனாக வந்தார் என்ற அவதாரக் கதைகளைப் படையெடுப்பின் கதையாக, பலிராசனிடமிருந்து நாட்டைப் பறித்த கதையாகத் திருப்பிப் படித்தார். அந்தப் புத்தகத்தை அவர் யாருக்குக் காணிக்கை ஆக்கினார் தெரியுமா? அடிமைமுறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்கு. அண்ணல் எழுதிவைத்த இந்துமதப் புதிர்கள் 1987இல் அச்சானபோது, ராமன் கிருஷ்ணன் பற்றிய பகுதிக்காக மகாராட்டிரத்தில் எவ்வளவு கூச்சல். மாயக்கதை வெறும் பொழுதுபோக்கு என்றால் ஏனய்யா அந்தக் கூச்சல்?

கறுப்பர்கள் திருப்பிப் பிடித்த கத்தி

புலே காட்டிய திசையில், அந்த அமெரிக்காவுக்கே போவோம். 1972இல் பம்பாயில் சிறுத்தைகள் தங்களுக்குப் பெயர் எடுத்ததும் அங்கிருந்துதான்.

அங்கே திகில்கதைக்குப் பிதாமகன் என்று லவ்கிராஃப்ட் என்பவரைச் சொல்கிறார்கள். 1937இல் இறந்தவர். கடுமையான நிறவெறியர். அவருடைய 'ரெட் ஹூக் திகில்' என்ற கதையில் நியூயார்க்கின் ஏழைக் குடியேறிகள் தெருவே நரகம். இன்னொரு கதையில் கலப்பு ரத்தம்தான் திகில். ஒருவன் தன் உடம்பிலும் அந்த ரத்தம் ஓடுவதைக் கண்டுபிடிப்பதுதான் உச்சக்கட்டம். தீட்டு என்ற சொல் தெரியாமலேயே தீட்டைப் பற்றி எழுதியவர். உலக ஃபேண்டசி விருது என்று ஒன்று கொடுக்கிறார்கள். பல வருசமாக அதன் கோப்பை இவருடைய தலைச்சிலை. 2011இல் நெடி ஒகோராஃபோர் என்ற நைஜீரிய வழிவந்த கறுப்புப் பெண் எழுத்தாளர் அதை வாங்கினார். தன்னைப் போன்றவர்களை வெறுத்தவனின் தலையை வீட்டில் வைத்துக்கொள்வது எப்படி என்று வெளிப்படையாகவே எழுதினார். எதிர்ப்பு வளர்ந்தது. 2015இல் அந்தத் தலையை எடுத்தார்கள். நம்ம ஊர் இலக்கியப் பீடங்களில் எத்தனை தலைகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

தலையை எடுத்ததோடு விடவில்லை. விக்டர் லாவால் என்ற கறுப்பர் 2016இல் அந்த ரெட் ஹூக் கதையையே எடுத்து மாற்றி எழுதினார். 'பிளாக் டாமின் கதைப்பாட்டு' என்பது அதன் பெயர். ஹார்லெமில் கிதார் தூக்கித் திரியும் ஒரு கறுப்பு இளைஞன் நாயகன். அவன் வீட்டில் இல்லாத நேரம், அவனுடைய நோயாளி அப்பாவை ஒரு வெள்ளைத் துப்பறிவாளன் சுட்டுக் கொல்கிறான். கிதாரைத் துப்பாக்கி என்று நினைத்துவிட்டேன் என்கிறான். அதன் பிறகு அந்த இளைஞன் அசுரனாவதை நாம் பார்க்கிறோம். கடலுக்கடியில் தூங்கும் பூதத்தைவிடக் கதவைத் தட்டாமல் வரும் போலீசுதான் பெரிய திகில் என்று அந்தக் கதை சொல்கிறது. இதைப் புரிந்துகொள்ள நமக்குக் கோனார் நோட்ஸ் தேவையில்லை.

டானனரிவ் டூ என்ற கறுப்பு எழுத்தாளர் 2023இல் எழுதிய 'சீர்திருத்தப் பள்ளி' நாவலை எல்லோரும் படிக்கவேண்டும். புளோரிடாவில் டோசியர் என்ற சிறுவர் சீர்திருத்தப் பள்ளி இருந்தது. 2011இல்தான் மூடினார்கள். பிறகு நிலத்தைத் தோண்டியபோது 50க்கும் மேற்பட்ட புதைகுழிகள். அந்தப் பள்ளியில் 1937இல் இறந்துபோன சிறுவர்களில் ஒருவன் இந்த எழுத்தாளரின் குடும்பத்தைச் சேர்ந்தவன். அவன் பெயரையே நாயகனுக்கு வைத்திருக்கிறார். கதை நடப்பது 1950இல். அக்காவிடம் வம்பு செய்த வெள்ளைக்காரப் பையனை உதைத்த குற்றத்துக்குப் பன்னிரண்டு வயதுப் பையனை அங்கே அடைக்கிறார்கள். அவனுக்கு ஆவிகள் தெரியும். பள்ளித் தலைவன் அவனிடம் ஒரு வேலை கொடுக்கிறான்: ஆவிகளைப் பிடித்துக் கொடு. ஏன்? ஆவிகள்தான் சாட்சி. கொன்றவனுக்குப் பேய் என்றால் பயம் இல்லை, சாட்சி என்றால்தான் பயம். இந்த ஒரு விசயத்துக்காகவே இதை நமக்கான புத்தகம் என்பேன்.

ஜெமிசின் எழுதிய 'உடைந்த பூமி' மூன்று நாவல்களும் 2016, 2017, 2018 என்று மூன்று வருசமும் அடுத்தடுத்து ஹியூகோ விருதை வாங்கின. அந்த உலகத்தில் நிலநடுக்கத்தை அடக்கும் சக்தியோடு சிலர் பிறக்கிறார்கள். அவர்கள் இல்லையென்றால் ஊர் இடிந்து விழும். ஆனால் அவர்களை ஒரு இழிசொல்லால்தான் அழைப்பார்கள். பிறந்த பிள்ளையைக் கண்டுபிடித்தால் பெற்றவனே அடித்துக் கொல்வான். சில குழந்தைகளை அறிவை மழுங்கடித்து நாற்காலியில் கட்டிவைத்து, காலம் பூராவும் நிலத்தை அடக்க விட்டிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு மலக்குழியில் இறங்கிச் செத்த தோழர்கள் ஞாபகம் வந்தார்கள். ஊர் சுத்தமாக இருக்க அவர்கள் வேண்டும், ஊருக்குள் அவர்கள் கூடாது. 2013இல் சட்டம் போட்ட பிறகும் இறங்குகிறார்கள், சாகிறார்கள். இதை ஒரு அறிக்கையில் படித்தால் பக்கத்தைத் திருப்பிவிடுகிறவன், ஜெமிசினைப் படித்தால் திருப்ப முடியாது.

பக்கத்து மாநிலத்தோடு ஒரு சண்டை

மலையாளத்தில் 2024இல் வந்த 'பிரமயுகம்' படத்தை நம்ம தோழர்கள் பலர் கொண்டாடினார்கள். நானும் பாதிவரை கொண்டாடினேன். 17ஆம் நூற்றாண்டு. பாடிப் பிழைக்கும் பாணன் சாதி இளைஞன் வழிதவறி ஒரு பாழடைந்த மனைக்குள் வருகிறான். போற்றி அவனுக்குச் சோறு போடுகிறான், பகடை ஆடக் கூப்பிடுகிறான். தோற்றவன் தன் காலத்தையே கொடுத்துவிடவேண்டும். கூலி கேட்கமுடியாத பண்ணையாளுக்கு இதைவிடச் சரியான உருவகம் யாரும் காட்டினதில்லை. மம்மூட்டி உட்கார்ந்து தின்கிற காட்சி ஒன்று போதும், பார்ப்பனியம் என்றால் என்ன என்று வகுப்பெடுக்க.

ஆனால் முடிவு என்ன? போற்றி வடிவத்தில் இருந்தது சாத்தன். கடைசியில் அந்தச் சாத்தன் பாணன் உடம்புக்குள் போய்விடுகிறது. அதிகாரம் யார் கைக்குப் போனாலும் அப்படித்தான், அதுவே பேய் என்று படம் தத்துவம் பேசி முடிகிறது. எனக்கு இங்கேதான் கசக்கிறது. முந்நூறு நானூறு வருசம் போற்றியிடம் அதிகாரம் இருந்தவரை அது தெய்வீகம். பாணன் கைக்கு வருகிற அந்த நிமிசத்தில் மட்டும் அதிகாரமே கெட்டது என்று ஞானம் பிறக்கிறது. இடஒதுக்கீட்டில் நாலு பேர் நாற்காலியில் உட்கார்ந்ததும், "இப்ப அவங்களும் மேல்சாதி மாதிரி ஆயிட்டாங்க"ன்னு பேசுகிறானே, அதே குரல். இன்னொன்று, போற்றி கெட்டவன் இல்லை, அவனுக்குள் இருந்த சாத்தன்தான் கெட்டவன் என்றும் ஆகிவிடுகிறது. சாத்தன் யாருடைய சாமி? நம்ம சாமி. கடைசியில் பழி நம்ம சாமி தலையில்.

2025இல் வந்த 'லோகா'வில் கள்ளியங்காட்டு நீலியை எடுத்திருக்கிறார்கள். நாஞ்சில்நாட்டு மண்ணில் நடமாடினவள் என்று சொல்லப்படும் யட்சி. வழிப்போக்கனிடம் சுண்ணாம்பு கேட்டு ரத்தம் குடிப்பவள், மந்திரம் தெரிந்த கத்தனாரால் அடக்கப்பட்டவள் என்றுதான் பழைய கதை. புதிய படத்தில் அவள் காட்டுச்சனத்தின் பெண்பிள்ளை. ராசாவின் ஆட்கள் அவள் சனத்தை வெட்டிச் சாய்க்கிறார்கள். அவள் திருப்பி அடிக்கிறாள். யட்சிக்கு ஒரு ஊரும் உறவும் கொடுத்ததற்காக இந்தப் படத்தை ஏற்கிறேன். ஆனாலும் அவளைப் பெருநகரத்தின் காவல்வேலைக்கு வைத்துவிட்டார்கள். ஊரைக் காவல் காக்கிற வேலை நமக்குப் பழசு.

நம்மோடு ஒரு சண்டை

இனி நமக்குள். பகுத்தறிவுத் தோழருக்கு ஒரு வார்த்தை. நம்ம பெண்களுக்குத்தான் பேய் பிடிக்கிறது. ஏன்னு கேட்டிருக்கீங்களா? பாமா 1994இலேயே 'சங்கதி'யில் கேட்டார். காட்டிலும் வேலை, வீட்டிலும் வேலை, ராத்திரி புருசன் அடி. பேச விடாத வாய் பேயாகப் பேசுகிறது. கோடாங்கி வந்து வேப்பிலையால் அடித்துப் "போறியா"ன்னு கேட்கிறான். போய்விட்டால் மறுநாள் களையெடுக்கப் போகவேண்டும். பேய் மூடநம்பிக்கை என்று மேடையில் முழங்கிவிட்டு வீட்டில் போய்ப் பெண்டாட்டியை அடிக்கிறவன், பேய்களை உற்பத்தி செய்கிற மந்திரவாதி. அவன் சேரியில் இருந்தாலும் இயக்கத்தில் இருந்தாலும் இது அவனுக்கும்தான்.

இலக்கியவாதிக்கு ஒரு வார்த்தை. தலித் எழுத்து என்றால் உங்களுக்கு எங்கள் வாழ்க்கை வரலாறு வேணும். பட்ட அடி, குடித்த கூழ், அழுத அழுகை. அதை வாங்கிப் படித்து நீங்கள் உருகவேண்டும். நாங்கள் ஒரு பூதத்தை, ஒரு புது உலகத்தை எழுதினால் "இதில் தலித் வாழ்க்கை எங்கே" என்பீர்கள். விஷ்ணுபுரம் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு. எங்களுக்குக் குடிசை மட்டும்தானா? துன்பத்தை எழுத எங்களுக்கு உரிமம், கற்பனை மட்டும் உங்களுக்குப் பட்டா நிலம். இந்தப் பட்டாவையும் ரத்து செய்வோம்.

ஏற்கனவே ரத்தாக ஆரம்பித்துவிட்டது. கொல்கத்தாவைச் சேர்ந்த தலித் எழுத்தாளர் மிமி மண்டல், ஆக்டேவியா பட்லருக்கு எழுதப்பட்ட கடிதங்களும் கட்டுரைகளும் கொண்ட நூலை இன்னொருவரோடு சேர்ந்து தொகுத்தார். அதற்காக 2018இல் ஹியூகோ பட்டியலில் இடம்பெற்றார். சென்னையில் பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிவியல் புனைவுகளின் பெரிய தொகுதி ஒன்றை ஆங்கிலத்தில் கொண்டுவந்தது. தமிழில் நாம் எப்போது கொண்டுவரப்போகிறோம்?

இது ஆசைக்குச் சொல்வதில்லை, தேவைக்குச் சொல்வது. வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு ஒரு குடிசைக்குள் 44 பேரை எரித்தார்கள். 1973இல் உயர்நீதிமன்றம் மிராசுதார்களை விடுவித்தது. இவ்வளவு பெரிய மனிதர்கள் தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்களா என்று சந்தேகப்பட்டது. மேலவளவில் 1997 ஜூன் 30 அன்று ஊராட்சித் தலைவர் முருகேசனின் தலையை வெட்டி எடுத்தார்கள். அவரோடு அய்ந்து பேர் செத்தார்கள். 2019இல் ஆயுள் கைதிகள் 13 பேரை முன்கூட்டியே வெளியே விட்டார்கள். வேங்கைவயலில் 2022 டிசம்பரில் நம்ம சனம் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது. அதே தெருவைச் சேர்ந்த, அந்தத் தண்ணீரைக் குடித்த சனத்தின் பிள்ளைகள் மூன்று பேரைக் குற்றவாளி என்றது. அந்தச் சனம் அதை ஏற்கவில்லை. எந்தப் பேய்க்கதை எழுத்தாளனும் இப்படி ஒரு திருப்பத்தை எழுதத் துணியமாட்டான். இதையெல்லாம் நாம் யதார்த்தம் என்ற ஒரே சட்டைக்குள் திணித்துத் திணித்துச் சட்டை கிழிந்துவிட்டது.

உயிரோடிருக்கும் சாட்சியை நீதிமன்றம் நம்பாதபோது செத்த சாட்சியைக் கூப்பிட வேண்டியதுதான். பேய்க்கதை அதற்கு ஒரு கருவி. அவன் அதை நம்மைப் பார்த்துப் பயப்படுவதற்காகச் செய்தான். நாம் அதை அவன் கணக்கைக் கேட்பதற்காகச் செய்வோம்.

மாணவத் தோழர்களே, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் உச்சிவேளையில் யாரும் போகாத ஒரு புளியமரம் இருக்கும், இல்லன்னா ஒரு பாழுங்கிணறு இருக்கும். உங்க அப்பாயியிடம் உட்கார்ந்து, "அங்க இருக்கறது யாரு ஆயா"ன்னு கேளுங்க. முதல்ல பேயின்னு சொல்லும். விடாதீங்க. இன்னொரு வெத்தலை மடிச்சுக் குடுத்துக் கேளுங்க. ஒரு பொண்ணு பேரு வரும். யாரைக் கட்டிக்க ஆசைப்பட்டாள், யார் தூக்கித் தொங்கவிட்டான், போலீசுல என்ன எழுதினாங்கன்னு ஒவ்வொண்ணா வரும். அந்தப் பேரோடு ஆரம்பிச்சு எழுதுங்க. எழுதி இந்தப் பத்திரிகைக்கு அனுப்புங்க.